பத்து நிமிடச் சென்னை

1

இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிந்த வாரத்தில் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது. ஜெர்மனியில் எல்லாமே கடிதமாகத்தான் வரும். குப்பையை வேறு நிறத் தொட்டியில் போட்டால் கடிதம், நூலகப் புத்தகத்தைத் தாமதமாகக் கொடுத்தால் கடிதம். ஆனால் வேலை செய்கிற இடத்திலிருந்து எச்சரிக்கை என்பது கொஞ்சம் பெரிய சமாச்சாரம். இன்னொன்று வந்தால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். என் கணவர் படித்துவிட்டு, "என்ன பண்ணித் தொலைச்ச?" என்று கேட்டார். "பேசினேன்" என்றேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு கண்காட்சியில். பழைய டிராம் பணிமனை ஒன்றைக் கலைக்கூடமாக மாற்றி, உள்ளே ஐந்து அறைகள் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வோர் அறையிலும் ஓர் ஊரின் காற்று. சுவரில் படம் கிடையாது, நடுவில் சிலை கிடையாது. உள்ளே போய் நின்று மூச்சுவிட வேண்டும், அதுதான் கலை. கண்ணை மறைக்கிற மூட்டம், மூக்கில் ஏறுகிற வாடை, ஒலிபெருக்கியில் அந்த ஊரின் சத்தம். உலகத்து நகரங்கள் எப்படி மூச்சுத் திணறிக்கொண்டிருக்கின்றன என்பது பார்க்க வருகிறவர்களுக்கு உறைக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. முதல் அறை இந்த ஊர்க் காடு. கடைசி அறை சென்னை. சென்னையின் காவலாளி நான்.

உள்ளே நுழைவதற்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, கர்ப்பிணியா என்று கேள்விகள். பத்து நிமிடம் ஆனதும் மணி அடிக்கும். அதற்கு மேல் பார்வையாளர்கள் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. என்னைப் போன்ற ஊழியர்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே வந்து காற்று வாங்க வேண்டும், வாங்கினேன் என்று நோட்டில் எழுதவும் வேண்டும். இவ்வளவுக்கும் உள்ளே இருப்பது நிஜப் புகை இல்லை. வாசனைப் பொருள் செய்கிற ஒருவர் உடம்புக்குக் கெடுதல் இல்லாமல் கலந்து கொடுத்த போலிப் புகை. போலிக்கே பத்து நிமிடம்தான்.

2

நான் பிறந்தது பள்ளிக்கரணை. படித்ததும், பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்ததும் தாம்பரத்தில். வேதியியல் பட்டத்தைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். அதை இங்கே அங்கீகரிக்க மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தேன். கடைசியில் வந்த பதிலில், என் படிப்பு 'ஒரு பகுதி ஒப்பிடத்தக்கது' என்று இருந்தது. எந்தப் பகுதி என்று கேட்டு எழுதினேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. கண்காட்சி வேலை கிடைத்தபோது, புகையிலாவது வேதியியல் இருக்கிறதே என்று சேர்ந்துவிட்டேன்.

இந்த மொழியை நான் வகுப்பில் கற்றதைவிட டிராமில் கற்றதுதான் அதிகம். அதனால் முதல் வாரம் முழுக்க, மணி அடித்ததும் "வெளியே வாருங்கள்" என்று சொல்வதற்குப் பதில், டிராமில் சொல்வதுபோல "எல்லோரும் இறங்குங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை. அதுவும் கலையில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்களாம்.

காற்று நல்லது என்று ஒரு காலத்தில் காசநோயாளிகளைக் கொண்டுவந்து வைத்த ஊர் தாம்பரம். சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறது. ஆய்வக சன்னலிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிப் புகையைப் பார்த்தபடி, அந்தப் பெயரை நினைத்து நானும் பள்ளி ஆசிரியைகளும் சிரிப்போம். வீட்டுக்குத் திரும்பினால் பள்ளிக்கரணையில் வேறு கதை. சென்னையில் எல்லோரும் கடல் காற்று எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். எங்கள் தெருவில் கடல் காற்று வந்தால் சன்னலைச் சாத்துவோம். அது சதுப்பு நிலத்துப் பக்கத்துக் குப்பை மேட்டைத் தடவிக்கொண்டு வரும். மேட்டை ஒட்டிய ரேடியல் ரோட்டில் பஸ் திரும்பியதும், பேச்சை நிறுத்தாமலேயே பெண்களெல்லாம் துப்பட்டாவை மூக்குக்கு இழுப்பார்கள். தாண்டியதும் இறக்குவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, பேச்சும் அறுபடாது.

3

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கண்காட்சியைத் தயார் செய்தபோது, சென்னையில் வாழ்ந்த ஒருவர் வேண்டும் என்று மொழி வகுப்புக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். ஒரு மேசை, அதன் மேல் சின்னச் சின்னக் குப்பிகள், எதிரில் அந்த வாசனைக்காரரும், அறைகளை வடிவமைத்த கலைஞரும். காகிதக் கீற்றை நனைத்து மூக்கருகே நீட்டுவார்கள், நான் சரி, சரியில்லை என்பேன். "உங்கள் ஊரின் புகை எது?" என்று கேட்டார்கள்.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது போகிதான். விடியற்காலைப் பனி, வாசலில் பிய்ந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம், கிழிந்த தலையணை, நானும் தம்பியும் காதைக் கிழிக்கத் தட்டிய சின்ன மேளம். சொல்லச் சொல்ல அவர்கள் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். பாய் எரிகிற வாடைக்கு வாசனைக்காரர் நான்கு முறை முயன்றார். நான்காவது சரியாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அழுதுவிட்டேன்.

"மற்ற நாட்களில்?" என்று கலைஞர் கேட்டார்.

"மற்ற நாட்களில் எங்கள் ஊர் நன்றாக இருக்கும்" என்றேன்.

பச்சைப் பொய். பன்னிரண்டு வருடமாக விளையாட்டுத் திடலிலும், பல் மருத்துவரிடமும், பக்கத்து வீட்டிலும் ஒரே கேள்வி: அங்கே ரொம்ப அழுக்காக இருக்குமாமே? ஒவ்வொரு முறையும் எங்கள் ஊரை விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லிப் பழகிவிட்டேன். சொந்த வீட்டு நாற்றத்தை அயலாரிடம் சொல்வதா? குப்பை மேட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குப் பிரியமான ஒரே புகையை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, ஊர் மானத்தைக் காப்பாற்றிய நிறைவோடு டிராம் ஏறினேன். வெளிநாட்டுக்கு வந்த எங்களைப் போன்றவர்கள்தான் இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய முடியும்.

திறப்பு விழாவன்று சுவரில் இருந்த வாசகம் இது: "சென்னை. ஆண்டுதோறும் பண்டிகை நாளில் மக்கள் தங்கள் பழைய பொருட்களைத் தாங்களே தெருவில் எரிக்கிறார்கள். நகரம் அவர்கள் மூட்டிய புகையில் மூழ்குகிறது." வருகிறவர்களிடம் நான் சொல்ல வேண்டியதாக எழுதிக் கொடுத்திருந்ததும் அதேதான். முதல் நாள் பெருமையாகவே சொன்னேன். எனக்கு அது உறைக்கவே இல்லை.

4

உறைக்க வைத்தது சேகர், என் தம்பி. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் வார்க்கிற தொழிற்சாலையில் இருக்கிறான். அப்பாவின் வயலெல்லாம் மனையாகிப்போன பிறகு மிஞ்சிய இடத்தில், பள்ளிக்கரணையிலேயே வீடு கட்டியிருக்கிறான். கீழே ஒரு போர்ஷன் வாடகைக்கு. மதிய இடைவேளையில் அவனுக்கு வீடியோவில் அறையைக் காட்டினேன். அங்கே சாயங்காலம், அவன் மொட்டை மாடியில் நின்றிருந்தான். கையில் இன்ஹேலர் இருந்தது. இரண்டு வருடமாக அது இல்லாமல் அவன் படியேறுவதில்லை.

"இன்னாக்கா, உள்ள போய் எவ்ளோ நேரம் நிக்கணும்?"

"பத்து நிமிஷம். அதுக்கு மேல விட மாட்டாங்க."

"ஏன்?"

"உடம்புக்கு ஆகாதுன்னு."

அவன் சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "நாங்க பொறந்ததுலேர்ந்து நின்னுகினு கீறோம். எங்களுக்கு எவன் மணி அடிக்கிறது?"

சுவரில் இருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. "திருப்பிப் படி" என்றான். படித்தேன்.

"போன மாசம் தெருக்காரங்க எல்லாம் மனு குடுக்கப் போனோம்னு சொன்னேன்ல? அந்த ஆபீஸரு இத்தத்தான் சொன்னாரு. 'நீங்களே போகிக்குக் கொளுத்துறீங்க, அப்புறம் குப்ப எரியுதுன்னு எங்கிட்ட வந்து நிக்கிறீங்களே'ன்னு. மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. வாய மூடிகினு வந்துட்டோம். இப்ப எல்லாம் போகிக்கு எவன் கொளுத்துறான்? போலீஸ்காரன் மைக்குல கத்திகினு போறான். புள்ளைங்க மேளம் தட்டுறதோட சரி. அது ஒரு நாளு. மீதி நாளு பூரா ஊர்க் குப்ப எங்க மூக்குல எரியுது. அத்த யாரு இவங்களுக்குச் சொல்லாம விட்டது?"

"நான்தான்."

போனை அவன் சதுப்பு நிலத்துப் பக்கம் திருப்பினான். சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒரு புகை, நகராமல் படுத்துக் கிடந்தது. மேட்டில் பிடித்த தீயை மேலே அணைத்துவிட்டார்களாம். உள்ளே இன்னும் எரிகிறதாம்.

"ஏன்க்கா சொல்லல?"

"அசிங்கமா இருந்துச்சுடா."

"அசிங்கம் யாருக்கு? குப்பையக் கொண்டாந்து கொட்டினவனுக்கா, அது பக்கத்துல குந்திகினு கீற எனக்கா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ மட்டும் என்ன? வாடகைக்கு வர்றவங்களுக்குக் காத்து மாறுறதுக்கு முன்னாடி, காலையில தானே வூட்டக் காட்டுற?"

போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, "ஆமா. நானும்தான் மறைக்கிறேன். அதான் ரெண்டு பேரும் பேஜாராகி நிக்கிறோம்" என்றான். "அடுத்த மாசம் மறுபடி மனு குடுக்கப் போறோம்க்கா. நீ சொன்னத நீயே மாத்து. வெளியூர்க்காரன் சுவத்துல கூட இதான் எழுதியிருக்குன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது."

5

மாற்றுவது அவ்வளவு எளிதா? மேலாளர் திருமதி கெல்லரிடம் போனேன். நல்ல பெண்மணி, காபி கொடுத்தார். சுவர் வாசகத்தை மாற்ற கலைஞரின் சம்மதம் வேண்டும், குழு கூட வேண்டும், மொழிபெயர்ப்பாளர் பார்க்க வேண்டும், புதிதாக அச்சடிக்க வேண்டும். ஆறு வாரம் ஆகும். கண்காட்சி முடிய நான்கு வாரம்தான் இருந்தது.

"அப்படியானால் நான் வாயால் சொல்லிவிடுகிறேன்" என்றேன்.

"ஊழியர்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் சொல்ல வேண்டும். எல்லோரும் சொந்தக் கருத்தைச் சொல்ல ஆரம்பித்தால் என்ன ஆகும்?" என்றவர், ஒரு கோப்பை எடுத்துத் திறந்தார். அந்தக் குப்பிகள் நாளின் குறிப்பு. என் வாக்குமூலம் தேதியோடு இருந்தது. "மற்ற நாட்களில் நன்றாக இருக்கும். இது நீங்கள் சொன்னதுதானே?"

நான் சொன்னதுதான். காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அந்த வாரமே வீட்டில் இன்னொரு வில்லங்கம். என் மகள் தாரணிக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். சாப்பாடு வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் மட்டும் தமிழ் மிச்சமிருக்கிறது. வியாழக்கிழமை அவள் வகுப்பு கண்காட்சிக்கு வருவதாக இருந்தது.

"அன்னிக்கு நீ லீவ் போடேன்" என்றாள். அதற்கு மட்டும் தமிழ் வந்துவிட்டது.

"ஏன்?"

தோளைக் குலுக்கினாள். ஏன் என்று எனக்குத் தெரியும். போன முறை ஊருக்குப் போனபோது மூன்று வாரமும் மாமா வீட்டில் முகக்கவசத்தைக் கழற்றாமல் இருந்தாள். சேகர் கேலி செய்துகொண்டேதான் இருந்தான், ஆனால் மனசு நொந்துபோனான். நான் அப்போதும் அவளைத்தான் திட்டினேன். "மாமா வீட்டுல வந்து இப்படியா உட்கார்றது" என்றேன். அவள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் ஒன்றும் இல்லாததுபோல உட்கார்ந்திருந்தோம்.

6

லீவு போடவில்லை.

வியாழக்கிழமை பிள்ளைகள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். மூட்டத்தில் கையை ஆட்டிச் சிரித்தார்கள், இருமி நடித்தார்கள். தாரணி கடைசி வரிசையில் உயரமான ஒரு பெண்ணுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். என்னைப் பார்க்கவே இல்லை. ஆசிரியர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். ஆரம்பித்தேன்.

"சுவரில் எழுதியிருப்பதைப் படித்திருப்பீர்கள். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னது நான்."

சலசலப்பு அடங்கியது. என் ஜெர்மன் மோசமாகிக்கொண்டே போனது, நான் நிறுத்தவில்லை. இந்த வாடை வருடத்தில் ஒரு காலையில் வருவது, அதுவும் இப்போது பெரும்பாலும் இல்லை என்றேன். மற்ற நாட்களின் புகை பெரிய ஊரின் குப்பையிலிருந்து வருகிறது, கொட்டுகிறவர்கள் வேறு, மூச்சுவிடுகிறவர்கள் வேறு என்றேன். என் தம்பி வார்க்கிற உதிரிபாகம் பெட்டியில் அடைபட்டு இந்த நாட்டுக்கு வருகிறது, பெட்டியின் மேல் இந்த நாட்டின் பெயர் ஒட்டியிருக்கும், உலைப் புகை மட்டும் அவனிடமே தங்கிவிடும் என்றேன். காரால் பிழைக்கிற ஊர் இது. அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் பாதிப் பேர் கார்த் தொழிற்சாலைக்காரர்கள். ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

முன்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான், "ஏன் பொய் சொன்னீர்கள்?"

"வெட்கமாக இருந்தது."

"இப்போது வெட்கமாக இல்லையா?"

"இல்லை. இப்போது கோபமாக இருக்கிறது."

குப்பை மேட்டைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. மேலே தீ இல்லை, ஆனால் அணையவும் இல்லை, உள்ளே, அடியில், நாட்கணக்கில்... கையைக் குவித்து, விரித்து, ஏதேதோ செய்து காட்டினேன். இரண்டு பேர் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் அந்த வார்த்தையைத் தெளிவாகச் சொன்னது. கனன்றுகொண்டிருக்கிறது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாரணியின் முகம் சிவந்திருந்தது. ஆனால் ஒளிந்துகொள்ளவில்லை. ஜெர்மனில்தான் சொன்னாள்: "நான் பார்த்திருக்கிறேன். அது என் மாமாவின் வீட்டு மாடியிலிருந்து தெரியும். அவருக்கு மூச்சுக்கோளாறு இருக்கிறது. இந்தப் படிவத்தில் உள்ளபடி பார்த்தால், அவரை இந்த அறைக்குள் விட மாட்டீர்கள்."

எனக்கு அது தோன்றவே இல்லை. இத்தனை நாள் அந்தப் படிவத்தை நீட்டிக்கொண்டிருந்த எனக்கு, என் தம்பி அதில் தேற மாட்டான் என்பது தோன்றவே இல்லை. மணி அடித்தது. "எல்லோரும் இறங்குங்கள்" என்று சொல்லிவிட்டேன், பழைய வழக்கத்தில். யாரும் சிரிக்கவில்லை.

7

பிள்ளைகள் கலங்கிப்போனதாக ஆசிரியர் எழுதியிருக்கிறார். கலங்க வைப்பதற்குத்தானே ஐந்து அறை கட்டினார்கள்? போலிப் புகை கலக்கினால் கலை, நான் கலக்கினால் ஒழுங்கீனம். எச்சரிக்கையோடு ஓர் உறுதிமொழித் தாளும் வந்தது. இனி எழுதிக் கொடுத்ததை மட்டுமே சொல்வேன் என்று கையெழுத்துப் போட்டு ஒரு வாரத்துக்குள் அனுப்ப வேண்டும்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போயேன், இன்னும் மூணு வாரம்தானே" என்றார் கணவர். நியாயமாகத்தான் சொன்னார். சேகரிடம் கேட்டபோது, "உன் வேலைக்கு ஆபத்துன்னா விட்டுடுக்கா. நாங்க பாத்துக்கிறோம்" என்றான். இருமிக்கொண்டேதான் சொன்னான்.

உறுதிமொழித் தாளை மேசையில் அப்படியே வைத்துவிட்டு, எதிராக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அந்தக் குப்பிகள் நாளில் நான் சொன்னது தவறு என்றும், சரியானது இதுதான் என்றும், இந்தத் திருத்தத்தை அதே கோப்பில் அதே இடத்தில் வைக்க வேண்டும் என்றும், வைத்ததற்கு அத்தாட்சி தர வேண்டும் என்றும் எழுதினேன். தமிழில் ஒரு நகல் சேகருக்கு. மனுவோடு இணைத்துக் கொடுக்கப்போகிறான். அத்தாட்சி வரும்வரை அறையில் நானும் இதையே சொல்வேன் என்று எழுதி, இந்த நாட்டுக் கடிதங்களில் போடுவதுபோல, சிரமத்துக்கு வருந்துகிறேன் என்று முடித்தேன்.

தாரணி பின்னால் வந்து நின்றாள். தாளை எடுத்தாள். வரிசையாகப் பிழை திருத்தினாள், ஒவ்வொன்றுக்கும் பெருமூச்சு விட்டாள். நான் இத்தனை வருடத்தில் ஜெர்மன் பெயர்ச்சொற்களின் ஆண்பால் பெண்பால்கூடச் சரியாகக் கற்கவில்லையாம். கடைசி வரியில் பேனாவை நிறுத்தினாள்.

"நீ வருத்தப்படுறியா, அம்மா?" தமிழில் கேட்டாள்.

"இல்ல."

"அப்ப இது எதுக்கு?"

பதில் சொல்வதற்குள் அவளே அந்த வரியை அடித்துவிட்டாள். காலையில் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நான் வேலைக்குப் போனேன். அதே அறையில் நின்றேன். முதலில் வந்த கிழவரும் அவர் மனைவியும் சுவரைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அது பொய் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன்.